செத்திருக்க வேண்டிய செடி

ஊத்தங்கரை தாண்டி அரூர் சாலையில்
ஜீப் நுழையாத வண்டித்தடத்தில் நடந்து
சாலம்மாளின் முக்கால் ஏக்கருக்கு வந்தபோது
மணி பத்தேகால். எழுதிக்கொண்டேன்.
நேரம் எழுதாத அறிக்கை
கோர்ட்டில் நிற்காது.

கோரை கருகிக் கிடந்தது.
பண்ணைக்கீரை, அருகு, மூக்கிரட்டை
எல்லாம் ஒரே பழுப்பு.
நடுவில் பருத்தி மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாய்,
அங்கங்கே வெளிர்மஞ்சள் பூவோடு.

சட்டப்படி
இதுவும் செத்திருக்க வேண்டும்.

இலையைக் கிள்ளிக் குழாயில் போட்டு
நசுக்கி, நீர் விட்டு, சோதனைப் பட்டையை நிறுத்தினேன்.
பத்து நிமிடம்.
என் வேலையில் கடினமான பகுதி இதுதான்:
ஒருத்தி குற்றவாளியா என்று தெரியும்வரை
அவள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு
அவள் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பது.

"பில்லு?"
"பில்லு தர்ற விதையா இருந்தா
நீ ஏன் சார் இவ்ளோ தூரம் வர்ற?"

பாக்கெட்டை எடுத்து வந்தாள்.
முன்பக்கம் வெடித்துச் சிரிக்கும் பருத்திக்காய்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.
கம்பெனி இல்லை, லாட் எண் இல்லை,
காலாவதியும் இல்லை.
சந்தையன்று பைக்கில் ஒருத்தன் வந்தானாம்.
"பேரைக் கேட்டா வெலை ஏறும். கேக்கல."

டெல்லியில் ஒரு குழு
இன்னும் சரி என்று சொல்லாத பருத்தி இது என்றேன்.
"எப்போ சொல்லுவாங்க?"
தெரியாது.
"களை அதுவரைக்கும் காத்திருக்குமா?"

விடிய நாலே முக்காலுக்கு
ஓசூர் கம்பெனி வேன் வருகிறது.
களைக்கொத்து பிடித்த கைகளையெல்லாம்
சீட்டுக்கு இரண்டாய் ஏற்றிக்கொண்டு போகிறது.
அவள் மருமகள் கோகிலவாணியும் அதில்தான்;
செல்போனுக்குத் திருகாணி முடுக்குகிறாள்.

அடுத்த காடு முனிரத்தினத்தினுடையது.
பில் உண்டு, லாட் எண் உண்டு.
பெரிய பாக்கெட்டோடு
குட்டிப் பாக்கெட் ஒன்றும் தந்த காலத்தில்
அதைப் பிரிக்காமல் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியவர்.
அது புழுவின் பங்கு.
வரப்போரம் சாதாரணப் பருத்தி கொஞ்சம் விதை,
புழு வந்து தின்னட்டும்,
தின்று வளர்ந்தது
விஷம் தாங்கிப் பிழைத்ததைக் கட்டிக்கொள்ளட்டும்,
அந்த வம்சம் கலந்து வலு இழக்கட்டும்
என்பது விதி.
இத்தனை நுட்பமாய்ச் சம்பந்தம் பேசிய சட்டத்தை
நான் வேறெங்கும் படித்ததில்லை.
யாரும் விதைக்கவில்லை.
போன வருஷம் அவர் காயைப் பிளந்தபோது
உள்ளே இளஞ்சிவப்பாய் நெளிந்தன,
வெளியில் வரன் அமையாமல்
சொந்தத்துக்குள்ளேயே முடித்துக்கொண்ட குடும்பம்.

பட்டையில் முதல் கோடு விழுந்தது.
அது சோதனை சரி என்பதற்கு.
பிறகு, மங்கலாய், இரண்டாவது.

"ரெண்டு கோடு விழுந்தா
எங்க ஊர்ல சக்கரை குடுப்பாங்க, சார்."

அழிக்க வேண்டும் என்றேன்.
முழுக்காடும். வேரோடு.
அவள் தெளிப்பானைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
"அதுக்குத்தான் இது சாகாதே!"

கையால்தான் பிடுங்க வேண்டும்.
பத்துப் பெண்கள், இரண்டு நாள்,
தலைக்கு முந்நூறு, காப்பி தனி.
களை எடுக்கக் கிடைக்காத அதே பத்துப் பெண்கள்.
என் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

சாலம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.
குனிந்து, இரண்டு கையாலும் ஒரு செடியை உலுக்கி,
செம்மண்ணோடு இழுத்து
என் செருப்பின்மேல் போட்டாள்.

"ஒண்ணு. எழுதிக்கோ."

எழுதினேன்.
மணி பதினொன்று பத்து.
பேனாவைப் பையில் போட்டுவிட்டு
பக்கத்துச் செடியின் கழுத்தைப் பிடித்தேன்.
வரவில்லை.

"ஆட்டி இழு சார்," என்றாள்.